பொழுதும் விளக்கும்: சூரிய ஒளியோடு செயற்கை ஒளி சேர்ந்த பயிர்வளர்ப்பின் வரலாறு – சந்தாபுரா வட்டாரத்தை முன்வைத்து

முன்னுரை

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வகுத்தது. பூ, மரம், விலங்கு முதலியன கருப்பொருளாக அவற்றின்பின் வைக்கப்பட்டன. பூ எங்குப் பூக்கும், எப்போது பூக்கும் என்னும் இரு வினாக்களுக்கு விடை தெரிந்த பின்னரே அது பாட்டுக்குள் வரமுடியும் என்பது இவ்வைப்புமுறையின் பொருள். முல்லை காட்டுக்கும் கார்காலத்துக்கும் மாலைக்கும் உரியது. நெய்தல் கடற்கரைக்கும் எற்பாட்டுக்கும் உரியது. பூவின் பருவத்தை மனிதர் அறியலாம், காத்திருக்கலாம். மாற்ற முடியாது என்பதே அக்கால வாழ்வின் அடிப்படை.

கடந்த 150 ஆண்டுகளில் இந்த அடிப்படை மாறியிருக்கிறது. பகலில் சூரிய ஒளியும் இரவில் விளக்கொளியும் பெறும் பயிர், தன் பருவத்தில் பூக்காமல் வளர்ப்பவர் குறித்த நாளில் பூக்கிறது. இம்முறை சாமந்தி உழவருக்கு உதவியிருக்கிறது. சட்டம் தடைசெய்த கஞ்சாச் செடிக்கும் இதுவே பயன்பட்டிருக்கிறது. ஒரே அறிவியல் உண்மை ஒரு பூவைச் சந்தைக்கும் மற்றொரு பூவை நீதிமன்றத்துக்கும் கொண்டுசென்ற வரலாற்றை, பெங்களூருவின் தென்கிழக்கு எல்லையில் உள்ள சந்தாபுரா வட்டாரத்தை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

மயங்கிய கொன்றை

பூக்கும் பருவம் பிறழக்கூடும் என்பதைச் சங்கப் புலவர்கள் அறியாதவர்கள் அல்லர். குறுந்தொகையின் 66ஆம் பாடலில், தலைவன் வருவதாகச் சொன்ன கார்காலம் வந்து கொன்றை பூத்துவிட்டதைக் கண்டு தலைவி வருந்துகிறாள். இது கார் அன்று, வேறொரு காலத்தில் பெய்த மழையைக் கார் என்று மயங்கி அறிவற்ற கொன்றை பூத்துவிட்டது என்று தோழி ஆற்றுவிக்கிறாள். உண்மையில் வந்தது கார்காலமே. தோழி கூறுவது அன்பினால் சொல்லப்பட்ட பொய். ஆயினும் அப்பொய் பொருந்துவதற்கு ஒரு நம்பிக்கை அடிப்படையாக இருக்கவேண்டும். மரம் வெளியுலகின் அடையாளம் ஒன்றைக் கண்டே பூக்கிறது. அவ்வடையாளம் பொய்யானால் மரமும் ஏமாறும் என்பதே அந்நம்பிக்கை.

திணைமயக்கம் பற்றிய தொல்காப்பிய விதியும் இங்கு நினைக்கத்தக்கது. ஒரு திணைக்குரிய நிலம் மற்றொரு திணையின் நிலத்தோடு மயங்குவதில்லை. பொழுது மயங்கலாம் என்பது உரையாசிரியர் வழிவந்த விளக்கம். பொழுது நெகிழக்கூடியது, நிலம் நெகிழாதது என்னும் இப்பாகுபாடு பிற்காலப் பயிர்வளர்ப்பின் வரலாற்றைப் புரிந்துகொள்ளவும் துணைசெய்கிறது. விளக்கு முதலில் பொழுதை மயக்கியது. பின்னர் ஒரு பயிரின் வாழ்வில் நிலத்தையே இல்லாமற் செய்தது.

கஞ்சாவும் அதன் பருவமும்

கஞ்சாச் செடியில் ஆண் வேறு, பெண் வேறு. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ நூலின் பத்தாம் தொகுதியில், மலையாள வழக்கைத் தழுவிய கஞ்சாவா என்னும் பெயருடன் இரு படங்கள் தனித்தனியே இடம்பெற்றுள்ளன. ஒரே செடியின் ஆணும் பெண்ணும் இரு வேறு பெயர்களால் அங்குச் சுட்டப்படுகின்றன. 1753இல் லின்னேயஸ் இச்செடிக்கு அறிவியற்பெயர் இட்டார். 1785இல் லாமார்க் இந்தியாவிலிருந்து கிடைத்த செடியைத் தனி இனமாகக் கொண்டு ‘இண்டிகா’ என்று பெயரிட்டார். சித்த மருத்துவ மரபில் கோரக்கர் மூலி என்பது இதன் பெயர்களுள் ஒன்று. சித்த மருத்துவத்தில் மேற்பார்வையுடன் மட்டுமே பயன்படுத்தவேண்டிய நச்சுப்பொருள்களின் பட்டியலில் இந்திய மருந்துச் சட்ட விதிகள் இதனைச் சேர்த்துள்ளன.

போதை மிகுதியாக இருப்பது பெண்செடியின் பூங்கொத்தில் கசியும் பிசினில். எனவே வட இந்திய வழக்கு இலையைப் பாங்கு என்றும் பூங்கொத்தைக் கஞ்சா என்றும் பிசினைச் சரஸ் என்றும் பிரித்தது. வங்காளத்தில் ராஜசாகி மாவட்டத்தின் நவ்காவ் பகுதி அரசு உரிமம் பெற்ற கஞ்சாச் சாகுபடிக்குப் பெயர்பெற்றிருந்தது. அப்பகுதி இன்று வங்கதேசத்தில் உள்ளது. மழைக்காலம் முடியும் தறுவாயில் அங்கு நாற்று நடப்பட்டது. பனிக்காலத்தில் செடி பூத்தது. ஆண்செடியைப் பூக்கும் முன்னரே இனங்கண்டு களைவதற்கென்றே தேர்ந்த வல்லுநர்கள் இருந்தனர். மகரந்தம் படாத பெண்பூவே விலைபோகும் என்பதால் அவர்கள் கண்ணே அறுவடையைத் தீர்மானித்தது. இந்த உழவு முழுவதும் இரவு நீளும் பருவத்தை நம்பியே நடந்தது. செடி ஏன் பனிக்காலத்தில் பூக்கிறது என்று எவரும் விளக்கவில்லை. விளக்கத் தேவையும் எழவில்லை.

1893இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எழுந்த வினாவின் விளைவாக இந்தியக் கஞ்சா ஆணையம் அமைக்கப்பட்டது. மெக்வொர்த் யங் தலைமையிலான அவ்வாணையம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து 1894இல் அறிக்கை அளித்தது. அளவோடு பயன்படுத்துவதால் பெருந்தீங்கு இல்லை, அளவு கடந்தால் தீங்கு உண்டு, முழுத் தடை தேவையில்லை, உரிமத்தாலும் வரியாலும் கட்டுப்படுத்தலே தக்கது என்பது அதன் முடிவு. சென்னை மாகாணத்தில் கிருஷ்ணா மாவட்டப் பகுதிகளும் வட ஆர்க்காட்டுச் சவ்வாது மலையும் கஞ்சா விளையும் இடங்களாக இருந்தன. பின்னர்ச் சாகுபடி உரிமத்துக்கு உட்படுத்தப்பட்டது. விளைச்சலைச் சேர்த்துவைக்க வாணியம்பாடியில் கிடங்கு இருந்ததை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிவந்த மாவட்ட விவரச்சுவடிகள் குறிப்பிடுகின்றன.

இக்கட்டுப்பாட்டின் இயல்பு கவனிக்கத்தக்கது. பயிர் வயலில் நிற்கும். வயல் கிராமக் கணக்கில் இருக்கும். பூக்கும் மாதம் எல்லோருக்கும் தெரியும். நிலமும் பொழுதும் அறியப்பட்டிருந்தமையால் அதிகாரியால் பயிரைப் பார்க்க முடிந்தது, எண்ண முடிந்தது, வரி விதிக்க முடிந்தது. குடியேற்ற அரசின் கஞ்சாக் கொள்கை, தன்னை அறியாமலே, முதற்பொருளை நம்பி நின்றது எனலாம்.

கண்ணாடிக்கூடத்தில் விளக்கு

விளக்கொளி பயிருக்கு உதவுமா என்னும் வினா மின்சாரத்தோடு தோன்றியது. 1880இல் வில்லியம் சீமென்ஸ் என்னும் பொறியாளர் இங்கிலாந்தில் தம் இல்லத்துத் தோட்டத்தில் செய்த சோதனைகளை லண்டன் அரசக் கழகத்தில் எடுத்துரைத்தார். கடுகு, கேரட், வெள்ளரி முதலியவற்றை அவர் நான்கு பிரிவாகப் பிரித்தார். ஒரு பிரிவு இருளில் வைக்கப்பட்டது. ஒரு பிரிவு மின்வில் விளக்கின் ஒளியை மட்டும் பெற்றது. ஒரு பிரிவு பகலொளியை மட்டும் பெற்றது. நான்காவது, பகலில் சூரிய ஒளியும் இரவில் மின்னொளியும் பெற்றது. இரண்டையும் பெற்றவை மற்றவற்றினும் செழித்தன என்று அவர் அறிவித்தார். சூரிய ஒளியும் செயற்கை ஒளியும் சேர்ந்த பயிர்வளர்ப்பின் முறையான வரலாறு இச்சோதனையிலிருந்து தொடங்குகிறது.

பத்தாண்டுகளுக்குப் பின் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லிபர்ட்டி ஹைட் பெய்லி இச்சோதனைகளை விரிவாகச் செய்தார். மூடியில்லாத மின்வில் விளக்கு இலைகளுக்குத் தீங்கு செய்வதையும், சில பயிர்கள் இரவொளியில் விரைவாக வளர்வதையும், கீரை வகை ஒன்று காலத்துக்கு முன்னரே பூத்து விதைக்குப் போவதையும் அவர் கண்டார். ஆனால் இருவருமே ஒளியைச் செடியின் உணவாகவே கருதினர். ஒளி செடிக்கு ஒரு செய்தியும் ஆகலாம் என்னும் எண்ணம் பின்னரே உருவாயிற்று.

அவ்வெண்ணத்துக்கு வித்திட்ட செடிகளுள் கஞ்சாவும் ஒன்று என்பது பலரும் அறியாத செய்தி. பாரிஸில் ஜூலியன் தூர்னுவா என்னும் இளம் ஆய்வாளர், நார்ச்சணலாகப் பயிரிடப்படும் கஞ்சாச் செடியையும் ஜப்பானிய ஹாப் கொடியையும் குளிர்காலத்தில் கண்ணாடிக்கூடத்தில் விதைத்தார். அவை முளைத்துச் சில இலைகள் விடுவதற்குள் பூத்துவிட்டன. வெப்பமோ உரமோ இதற்குக் காரணம் அன்று, பகலின் குறுக்கமே காரணம் என்று 1912ஆம் ஆண்டையொட்டி அவர் கண்டார். பகல் குறைவதைக் காட்டிலும் இரவு நீள்வதே முதன்மையானது என்று மேலும் சிந்தித்தார். 1914இல் முதல் உலகப்போரில் அவர் உயிரிழந்தார். ஆய்வு அத்தோடு நின்றது.

எஞ்சிய பணியை அமெரிக்க வேளாண் துறையின் கார்னர், அல்லார்டு ஆகியோர் நிறைவுசெய்தனர். ‘மேரிலாந்து மாமத்’ என்னும் புகையிலை வகை கோடையில் ஆள் உயரத்தையும் கடந்து வளர்ந்தது, பூக்கவில்லை. குளிர்காலக் கண்ணாடிக்கூடத்தில் அதுவே சிறு செடியாக இருக்கும்போது பூத்தது. 1918 கோடையில் அவர்கள் செடிகளை மாலை 4 மணிக்கு இருட்டறைக்குள் கொண்டுசென்று, மறுநாள் காலை வெளியே எடுத்துப் பகலைச் சுருக்கினர், செடிகள் பூத்தன. குளிர்காலத்தில் கூடத்துக்குள் மின்விளக்கு ஏற்றிப் பகலை நீட்டினர், பூப்பு நின்றது. 1920இல் வெளிவந்த கட்டுரையில் இப்பண்புக்கு அவர்கள் பெயரிட்டனர். தமிழ்ப் பாடநூல்கள் அதனை ஒளிக்காலத்துவம் என்று வழங்குகின்றன. பகல் குறுகும்போது பூப்பவை குறும்பகல் தாவரங்கள், நீளும்போது பூப்பவை நெடும்பகல் தாவரங்கள் எனப் பிரிக்கப்பட்டன.

இரவை எண்ணும் செடி

குறும்பகல் என்னும் பெயரும் முழுமையானது அன்று. 1938இல் ஹாம்னர், பானர் ஆகியோர் மருளூமத்தைச் செடியில் செய்த சோதனை இதனைக் காட்டியது. நீண்ட இரவின் நடுவே சிறிது நேரம் ஒளி பட்டாலே போதும், அச்செடி பூப்பதில்லை. பகலின் நடுவே சிறிது நேரம் இருள் தந்தால் எந்த மாற்றமும் இல்லை. செடி எண்ணுவது பகலை அன்று; இடையறாத இரவை. தூர்னுவாவின் ஊகம் இவ்வாறு உறுதிப்பட்டது. ஏமாந்த ஒரு செடிக்குத் தமிழில் மருள் என்னும் அடைமொழி முன்னரே அமைந்திருந்தது தற்செயலே எனினும் குறிப்பிடத்தக்கது.

1952இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வகத்தில் போர்த்விக், ஹெண்ட்ரிக்ஸ் குழுவினர், சிவப்பு ஒளியின் விளைவை அதனை அடுத்த தொலைச்சிவப்பு ஒளி மாற்றிவிடுவதை மெய்ப்பித்தனர். அதற்குக் காரணமான நிறமியை 1959இல் கண்டறிந்தனர். அதுவே பைட்டோகுரோம். பகலின் நீளத்தை உணர்வது இலை, பூப்பது நுனி. எனவே இலையிலிருந்து நுனிக்கு ஏதோ ஒன்று செல்லவேண்டும் என்று 1930களில் ரஷ்ய அறிஞர் சைலக்யான் சாமந்தியைக் கொண்டே வாதிட்டார். அது ஒரு புரதம் என்பது 2007இல் உறுதியாயிற்று. எழுபது ஆண்டுகள் பெயராக மட்டும் இருந்த ஒன்று அப்போதுதான் பொருளாகக் கிடைத்தது.

இவ்வறிவு தமிழ் உழவருக்கு அயலானது அன்று. பழைய நீண்டகாலச் சம்பா நெல்வகைகள் பல குறும்பகல் இயல்பு உடையவை. முன்னே பின்னே விதைத்தாலும் இரவு நீளும் பருவத்திலேயே அவை கதிர்விடும். பட்டம் என்னும் சொல்லுக்குள் இவ்வறிவு அடங்கியிருந்தது. 1960களின் நடுவில் வந்த ஆடுதுறை 27, ஐ.ஆர். 8 முதலிய குறுகிய கால நெல்வகைகள் இரவின் நீளத்தை அவ்வளவாகப் பொருட்படுத்தாதவை. அதனாலேயே அவற்றை வெவ்வேறு பருவங்களில் நட முடிந்தது. நெல்லில் விதையை மாற்றிப் பெற்ற விடுதலையைப் பூவில் விளக்கை ஏற்றிப் பெற்றனர் என்று சொல்லலாம்.

காவிரியின் ஒளியும் சந்தாபுரா வட்டாரமும்

பெங்களூரு மின்னொளியை முற்படப் பெற்ற இந்திய நகரங்களுள் ஒன்று. 1902இல் சிவசமுத்திரத்தில் காவிரி அருவியிலிருந்து எடுக்கப்பட்ட மின்சாரம் முதலில் கோலார் தங்கவயலுக்குச் சென்றது. 1905 ஆகஸ்டு 5 அன்று பெங்களூருவின் தெருவிளக்குகள் அம்மின்சாரத்தால் எரிந்தன. ஐதர் அலி 1760இல் தொடங்கிய லால்பாக் தோட்டத்தில் 1889இலேயே கண்ணாடி மாளிகை எழுந்திருந்தது. கண்ணாடிக்கூடமும் மின்விளக்கும் ஒரே நகரில் அருகருகே இருந்தும், அவை பயிருக்காக ஒன்றுசேர ஏறத்தாழ நூறாண்டுகள் ஆயின. காரணம் பொருளாதாரம் சார்ந்தது. பூ விற்ற காசு மின்கட்டணத்துக்குப் போதவில்லை.

சந்தாபுரா நகரின் மையத்திலிருந்து ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில், ஓசூர் நெடுஞ்சாலையில், ஆனேக்கல் சாலை பிரியும் இடத்தில் உள்ளது. வடக்கே பொம்மசந்திரா தொழிற்பேட்டையும் மின்னணு நகரமும். தெற்கே அத்திப்பள்ளியைக் கடந்தால் தமிழ்நாட்டின் ஓசூர். கன்னடமும் தமிழும் தெலுங்கும் ஒரே கடைவாயிலில் பேசப்படும் எல்லைப்பகுதி இது. ஆனேக்கல் வட்டமும் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதிகளும் மிதமான வெப்பமும் நகரச் சந்தையின் அண்மையும் காரணமாக மலர்ச் சாகுபடியில் சிறந்தன. பெங்களூருவின் கிருஷ்ணராஜ சந்தைக்குச் செல்லும் பூவில் இவ்வட்டாரத்துக்குப் பங்குண்டு. 1978இல் தொடங்கிய மின்னணு நகரம் இவ்வழியின் நிலமதிப்பை மாற்றியது. 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் பொம்மசந்திரா வரை திறக்கப்பட்டது. வயல் மனையாகும் விரைவு அதிகமாகும்போது, எஞ்சிய சிறு நிலத்திலிருந்து மிகுந்த வருவாய் எடுக்கவேண்டிய நெருக்கடி உழவருக்கு ஏற்படுகிறது. விளக்கு வயலுக்கு வந்ததன் சமூகப் பின்னணி இதுவே.

இடத்தின் இயல்பும் இதற்கு உடன்பட்டது. சந்தாபுரா ஏறத்தாழ 13 பாகை வட அகலக்கோட்டில் உள்ளது. இங்கு ஆண்டின் மிக நீண்ட பகல் 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை. மிகக் குறுகிய பகல் ஏறத்தாழ 11 மணி 20 நிமிடம். ஐரோப்பாவில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் இடையே பகலில் எட்டு மணி நேர வேறுபாடும் உண்டு. இங்கு அது ஒன்றரை மணி நேரமே. சாமந்தி குறும்பகல் தாவரம். இப்பகுதியின் பகல் ஆண்டு முழுவதும் அதற்குக் குறுகியதாகவே படுகிறது. எனவே நட்ட செடி போதிய உயரமும் கிளையும் பெறும் முன்னரே மொட்டு விடுகிறது. வட நாடுகளில் கோடைப் பகலே செய்யும் பணியை இங்கு விளக்குதான் செய்யவேண்டும்.

ஜப்பானின் அட்சுமி தீபகற்பத்தில் இரவில் விளக்கேற்றிச் சாமந்தி வளர்ப்பது நெடுநாள் வழக்கம். ஓசூர், சிக்கபள்ளாபுரம் முதலிய வட்டாரங்களில் இம்முறை பரவலானதற்கு எல்.இ.டி. விளக்கின் விலை வீழ்ச்சி முதன்மையான காரணம். நீல எல்.இ.டி. கண்டுபிடிப்புக்காக மூவருக்கு 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. 2015 ஜனவரியில் இந்திய அரசு தொடங்கிய உஜாலா திட்டம் மொத்தக் கொள்முதலால் விளக்கின் விலையைப் பெருமளவு குறைத்தது. வீட்டுக்கு வந்த விளக்கே வயலுக்கும் சென்றது. நட்ட சில வாரங்கள்வரை கம்பிகளில் தொங்கும் விளக்குகள் இரவில் சில மணி நேரம் எரிகின்றன. செடி வளர்கிறது, பூக்கவில்லை. பின்னர் விளக்கு அணைக்கப்படுகிறது. செடிகள் ஒருசேர மொட்டு விடுகின்றன. பூ எந்த விழாவுக்குச் சந்தைக்கு வரவேண்டும் என்பதை உழவர் பின்னோக்கிக் கணக்கிட்டு விளக்கை அணைக்கும் நாளைக் குறிக்கிறார். இங்கு உணவாக இருப்பது சூரிய ஒளி. செய்தியாக இருப்பது விளக்கொளி. சீமென்ஸ் ஒன்றாகக் கருதிய இரு பணிகளும் இங்குத் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன.

நிலம் நீங்கிய பயிர்

சாமந்தியில் பொழுது மட்டுமே மயங்கியது. கஞ்சாவில் நிலமும் நீங்கியது. இதற்கு அறிவியல் மட்டும் காரணம் அன்று, சட்டமும் காரணம். 1961ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை அடுத்து உலகெங்கும் தடை இறுகியது. இந்தியாவில் 1985இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டம் கஞ்சாவைப் பூக்கும் அல்லது காய்க்கும் நுனி என்றே வரையறுக்கிறது. நுனியோடு சேராத விதையும் இலையும் அவ்வரையறையில் அடங்கா. உரிமமின்றிச் செடியை வளர்த்தால் பத்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்க இடமுண்டு. செடியின் குற்றம் அதன் பூப்பில் உள்ளது என்பதே இவ்வரையறையின் உட்கிடை.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1983 முதல் எலிகாப்டர் கொண்டு மலைச்சரிவுகளில் கஞ்சா வயல்களைத் தேடி அழிக்கும் இயக்கம் நடந்தது. வானிலிருந்து காணப்படும் வயலைக் கைவிட்டு, வளர்ப்போர் பலர் மூடிய அறைக்குள் சென்றனர். சூரியனை முற்றிலும் நீக்கிச் சோடியம் ஆவி விளக்குகளின்கீழ்ப் பயிர் வளர்ந்தது. தடையின் கண்ணுக்குத் தப்பவே அறை தேவைப்பட்டது. செடிக்கு அது தேவைப்படவில்லை. இதற்குக் கொடுத்த விலை பெரிது. அமெரிக்க நாட்டின் மொத்த மின்நுகர்வில் ஏறத்தாழ ஒரு விழுக்காடு அறைக்குள் வளரும் கஞ்சாவுக்குச் செல்கிறது என்று இவான் மில்ஸ் 2012இல் வெளியிட்ட ஆய்வு மதிப்பிட்டது. கனடா 2018 அக்டோபரில் தடையை நீக்கியது; அமெரிக்க மாநிலங்கள் பலவும் தடையைத் தளர்த்தின. அதன்பின் உரிமம் பெற்ற நிறுவனங்கள் பல மீண்டும் கண்ணாடிக்கூடத்துக்குத் திரும்பின. பகலில் சூரியன், குறைவை நிரப்ப விளக்கு என்னும் கலப்புமுறை மின்செலவைக் குறைத்தது. 1880இல் சீமென்ஸ் கண்ட நான்காம் பிரிவுக்கே வரலாறு சுற்றி வந்திருக்கிறது.

இந்தியாவில் இவ்வரலாறு வேறு வடிவம் கொண்டது. 2021 செப்டம்பரில் பெங்களூருவின் தென்மேற்கே பிடதியில் ஒரு தனிமாளிகைக்குள் விளக்கொளியில் கஞ்சா வளர்க்கப்பட்டதை மாநகரக் காவல்துறையின் மத்தியக் குற்றப்பிரிவு கண்டறிந்தது. 2023இல் சிவமொக்காவில் வாடகை வீடொன்றில் மாணவர் சிலர் அவ்வாறே வளர்த்தமை வெளிப்பட்டது. இதே காலத்தில் ஆந்திரத்தின் கிழக்குத் தொடர்ச்சி மலையில் வெயிலில் விளைந்த பயிர் வேறொரு முடிவைக் கண்டது. 2021 இறுதியில் தொடங்கிய ‘பரிவர்த்தனை’ என்னும் நடவடிக்கையில் ஆந்திரக் காவல்துறை பழங்குடி மக்கள் வாழும் மலைப்பகுதிகளில் ஆயிரக்கணக்கான ஏக்கர் கஞ்சாப் பயிரை அழித்தது. 2022 பிப்ரவரியில் ஏறத்தாழ 2 லட்சம் கிலோ கஞ்சா ஒரே இடத்தில் எரிக்கப்பட்டது.

இவ்விரு காட்சிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். மலையில் வளர்ந்த பயிருக்கு நிலமும் பொழுதும் உண்டு. அதனால் அது வானிலிருந்தும் தென்படுகிறது. விளக்கின்கீழ் வளரும் பயிருக்கு இரண்டும் இல்லை. நான்கு சுவர்களும் மின்கட்டணம் செலுத்தும் வசதியும் போதும். ஒரே சட்டம் இருவருக்கும் பொதுவானது எனினும், அதன் பார்வை சூரிய ஒளி விழும் இடத்தில் முதலில் விழுகிறது. இடைத்தரகரின் முன்பணத்துக்காகப் பயிரிட்ட ஏழை மலைவாழ் உழவர், வாடகை மாளிகையில் விளக்கேற்றியவரைவிட எளிதில் அகப்படும் நிலை இருக்கிறது. இது எவரது குற்றத்தையும் குறைத்துக் காட்டும் வாதம் அன்று. கட்டுப்பாட்டின் கருவிகள் 1894இன் வயலுக்காக வடிவமைக்கப்பட்டவை என்பதைச் சுட்டுவதே நோக்கம்.

உலகளவில் இச்செடி பற்றிய மதிப்பீடும் மாறிவருகிறது. 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் போதைமருந்து ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து நீக்க 27க்கு 25 என்னும் வாக்குகளில் முடிவெடுத்தபோது, இந்தியா நீக்கத்துக்கு ஆதரவாக வாக்களித்தது. நார்க்காகவும் விதைக்காகவும் சாகுபடியை அனுமதிக்கும் அதிகாரத்தை 1985ஆம் ஆண்டுச் சட்டமே அரசுகளுக்கு வழங்குகிறது. உத்தராகண்டு அவ்வழியில் உரிமம் வழங்கியது. கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் தடை முழுமையாக நீடிக்கிறது.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, சூரிய ஒளியையும் விளக்கொளியையும் சேர்க்கும் முறை கஞ்சா வளர்ப்போர் கண்ட தந்திரம் அன்று. அது 1880 முதல் வளர்ந்த பொது அறிவு. நெல்லுக்கும் சாமந்திக்கும் உரியது. அதன் தொடக்க ஆய்வுகளில் ஒரு சணற்செடி இடம்பெற்றது வரலாற்றின் போக்கே. இரண்டாவது, விளக்கு தானாக நன்மையோ தீமையோ செய்வதில்லை. வயலில் தொங்கும்போது அது உழவரை நிலத்தோடு பிணைத்து, மனையாகாமல் எஞ்சிய சிறு காணியைக் காக்க உதவுகிறது. மூடிய அறையில் தொங்கும்போது அது பயிரை நிலத்திலிருந்து பிரித்து, வசதி படைத்தோர் கையில் சேர்க்கிறது. மூன்றாவது, கட்டுப்பாட்டையும் நீதியையும் சிந்திப்போர் செடியின் பெயரை மட்டும் நோக்காமல், அது எந்நிலத்தில் எவர் உழைப்பில் எவ்வொளியில் வளர்கிறது என்பதையும் நோக்கவேண்டும்.

மயக்கம் என்னும் தமிழ்ச்சொல் அறிவு பிறழ்தலையும் போதையையும் ஒருங்கே குறிக்கும். இலக்கணத்தில் அது ஒன்றோடொன்று கலத்தலையும் குறிக்கும். காலமல்லாக் காலத்து மழையில் கொன்றை மயங்கியதாகத் தோழி சொன்ன பொய், ஓசூர்ச் சாலையோரச் சாமந்தி வயல்களில் இன்று மாலைதோறும் உண்மையாக்கப்படுகிறது. நிலம் மயங்காது என்ற பழைய விதியை அவ்வயல்கள் இன்னும் காத்துநிற்கின்றன. அவையும் மனைகளாகிவிடின், பூவுக்குப் பொழுதோடு நிலமும் இல்லாமற் போகும்.